பாத்தியில் எது முதலில் விழும்?

வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரைக்குப் போகும் சாலையில் அகஸ்தியன்பள்ளிப் பக்கம் வந்தால், கண்ணுக்கு எட்டிய தூரம் உப்பளம்தான். அங்கே வேலை பார்க்கிற ஒரு பெரியவரிடம், “கடல் தண்ணியைக் காய வச்சா உப்பு வந்துடும், இதுல என்ன தாத்தா இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். “அப்படியா தம்பி, ஒரு குடம் எடுத்துட்டுப் போயி மாடியில காய வச்சு, அடியில தங்குறதை ரசத்துல போட்டுக் குடிச்சுப் பாரு” என்பார். குடிக்க முடியாது. கசக்கும். அதிகமாகப் போட்டிருந்தால் வயிற்றையும் கலக்கிவிடும்.

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. நாம் சாப்பிடுகிற சோடியம் குளோரைடு அதில் ஏறக்குறைய 27 கிராம். மிச்சத்தில் மக்னீசியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட், கால்சியம் சல்பேட், பொட்டாசியம் குளோரைடு என்று ஒரு கூட்டமே இருக்கிறது. காய்ந்தால் எல்லாமே வெள்ளை. கரைந்திருக்கும்போது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இந்தக் கூட்டத்திலிருந்து ஒன்றை மட்டும் தனியாக எடுக்க வேண்டும். எப்படி?

வெயிலே பிரித்துக் கொடுக்கும், எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருந்தால். ஒரு லிட்டர் தண்ணீரில் சோடியம் குளோரைடு 360 கிராம் வரை கரையும். கால்சியம் சல்பேட் இரண்டரை கிராம் கரைந்தாலே பெரிது. மக்னீசியம் குளோரைடோ 500 கிராமுக்கு மேலேயே கரையும். ஆகவே தண்ணீர் சுண்டச் சுண்ட, இவற்றில் முதலில் படிவது கால்சியம் சல்பேட். ஜிப்சம் என்று சிமென்ட் ஆலைகளுக்குப் போகிறதே, அதுதான். அடுத்துச் சோடியம் குளோரைடு. மக்னீசியம் கடைசிவரை தண்ணீரை விட்டு வெளியே வராது.

உப்பளத்தில் இதற்கு ‘டிகிரி’ பார்க்கிறார்கள். கண்ணாடி மிதவை ஒன்றைத் தண்ணீரில் விட்டால், எவ்வளவு கெட்டியான தண்ணீர் என்று அது காட்டும். ஆன்ட்வான் போமே என்ற பிரெஞ்சு மருந்தாளுநர் 1768இல் வகுத்த அளவு அது. புதிதாக வந்த கடல்நீர் 3 டிகிரி, 3 சொச்சம். 13ஐ நெருங்கும்போது ஜிப்சம் விழ ஆரம்பிக்கும். 25ஐத் தொட்டால் உப்பு விளையும். அதற்குள் பத்துக் குடம் தண்ணீர் ஒரு குடமாகச் சுண்டியிருக்கும். 29, 30க்கு மேல் ஏறுவதற்குள் மிச்சத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். வடித்த தண்ணீரை நாக்கில் வைத்தால் கசக்கும். மக்னீசியம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. ஒரே பாத்தியில் எல்லாவற்றையும் முடிக்காமல் தண்ணீரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாய்ச்சுவதும் இதற்காகத்தான். ஜிப்சம் ஒரு பாத்தியில் விழட்டும், உப்பு வேறொன்றில் விழட்டும். கல்லூரிப் பாடத்தில் இதைப் பின்னப் படிகமாக்கல் என்பார்கள்.

மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடிக்குள் கசிந்து தண்ணீர் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அம்மா உப்பைத் திட்டுவார். திட்ட வேண்டியது உப்பில் ஒட்டிக்கொண்டு வந்த மக்னீசியம் குளோரைடை. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் கசியும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடு போதும். நம் கடற்கரையில் காற்று அவ்வளவு வறண்டு போகிற நாள் அபூர்வம்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். மூட்டையிலிருந்து அளந்து விற்கிற கல்லுப்பாக இரண்டு கைப்பிடி வாங்கிக்கொள்ளுங்கள். பாக்கெட் உப்பு வேண்டாம், அது பெரும்பாலும் ஆலையில் ஏற்கெனவே கழுவப்பட்டது. ஒரு தம்ளர் தண்ணீரில் தூள் உப்பை, இனிமேல் கரையாது என்கிற அளவுக்குப் போட்டுக் கலக்குங்கள். ஒரு கைப்பிடிக் கல்லுப்பை வடிகட்டியில் வைத்து, அதன்மேல் இந்த உப்புத்தண்ணீரை மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். உப்பையே உப்புத்தண்ணீரில் கழுவுவதா என்று பாட்டி கேட்பார். ஏற்கெனவே உப்பு நிறைந்த தண்ணீர் இன்னும் உப்பைக் கரைக்காது. மக்னீசியத்தை மட்டும் அடித்துக்கொண்டு போகும். ஆலைகளிலும் இப்படித்தான் கழுவுகிறார்கள். கழுவியதையும் கழுவாததையும் நன்றாக வெயிலில் காயவைத்து, இரண்டு தட்டில் போட்டு நிழலில் வையுங்கள். மழை நாளில் செய்யாதீர்கள், இரண்டுமே கசிந்துவிடும். பங்குனி, சித்திரையில் செய்தால் வித்தியாசம் தெரியும்.

ஒரு வேதியியலாளரின் கதையைச் சொல்ல வந்தவன் உப்பளத்திலேயே இவ்வளவு நேரம் நின்றுவிட்டேன். காரணம் இருக்கிறது. கலந்து கிடக்கும் உப்புகளில் எது எப்போது படிகிறது, படிந்தது உண்மையில் என்ன என்ற கேள்வியோடுதான் அந்த மனிதர் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு வாழ்ந்தார்.

பிரபுல்ல சந்திர ராய். 1861 ஆகஸ்ட் 2 அன்று ராருலி என்ற ஊரில் பிறந்தார். இன்று வங்கதேசத்தில், குல்னா பகுதியில் இருக்கிறது. வேதாரண்யத்தைப் போலவே ஆறுகள் கடலில் கலக்கும் உப்புக்காற்று நாடு. ஆனால் 19ஆம் நூற்றாண்டு வங்காளத்தில், இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் எடுத்து லிவர்பூல் துறைமுகத்தில் ஏற்றிய உப்பு கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. பக்கத்தில் கடல், சோற்றில் சீமை உப்பு.

படிக்கக் கல்கத்தா வந்த பையனுக்கு 1874இல் கடுமையான சீதபேதி. பள்ளியை விட்டு நின்றுவிட்டான். வீட்டில் அப்பாவின் புத்தகங்கள் நிறைய இருந்தன. கையில் கிடைத்ததை எல்லாம் படித்தான். கல்லூரிக்குப் போனபின் அலெக்சாண்டர் பெட்லர் என்ற பேராசிரியர் செய்து காட்டிய சோதனைகளைப் பார்த்து வேதியியலில் விழுந்தான். சக மாணவன் ஒருவனின் அறையில் ஒரு குட்டிச் சோதனைக்கூடமே போட்டார்கள். தகரத்தில் தாங்களாகவே ஓர் ஊதுகுழல் செய்து, ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் விட்டுக் கொளுத்தினார்கள். வெடித்தது. யாருக்கும் காயமில்லை என்பது அதிர்ஷ்டம். (நீங்கள் செய்து பார்க்க நான் சொல்வது உப்புக் கழுவுவதை மட்டும்தான்.)

1882இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகை கிடைத்து ஸ்காட்லாந்தின் எடின்பரோவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே ஆசிரியர் அலெக்சாண்டர் கிரம் பிரவுன். 1887இல் டாக்டர் பட்டம். அந்த ஆய்வின் பொருளைச் சொன்னால் நம் ஊர் நாட்டுமருந்துக் கடைக்காரருக்குக்கூடப் பாதி புரியும். துத்தம் தெரியுமில்லையா? மயிலின் கழுத்து நிறத்தில் இருக்குமே, தாமிர சல்பேட். அன்னபேதி, இரும்பு சல்பேட். கடையில் பேதி உப்பு என்று கொடுப்பது மக்னீசியம் சல்பேட். உப்பளத்தின் கசப்பு நீரில் இருக்கிற அதே சரக்கு. நிறமும் குணமும் வேறு வேறு. ஆனாலும் இந்தக் குடும்பத்து சல்பேட்டுகள் பொட்டாசியம் சல்பேட்டோடு சேர்ந்து இரட்டை உப்பாகப் படிகமாகும்போது, படிகத்தின் வடிவம் ஒன்றேபோல் இருக்கும். அதனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று புகுந்துகொள்ளும். அப்படிப் புகுந்தது வெறும் கலவையா, புதிய சேர்மமா? ராய் ஆராய்ந்தது இதைத்தான். பாத்தியில் ஜிப்சமும் உப்பும் தனித்தனியாக விழுவது நமக்கு வசதி. சேர்ந்தே விழும் உப்புகள் வேதியியலாளருக்குத் தலைவலி. இருபத்தாறு வயதில் அவர் அந்தத் தலைவலியை விலைகொடுத்து வாங்கியிருக்கிறார்.

ஊர் திரும்பியது 1888இல். ஓராண்டு வேலை இல்லை. நண்பர் ஜகதீஷ் சந்திர போஸ் வீட்டில் தங்கியிருந்தார். 1889இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் மாதம் 250 ரூபாயில் தற்காலிக உதவிப் பேராசிரியர். அதே படிப்புப் படித்த வெள்ளைக்காரருக்கு அதைவிட எவ்வளவோ மேலான பதவியும் சம்பளமும் கிடைத்த காலம்.

முதலில் அவர் கைவைத்தது நெய்யிலும் கடுகெண்ணெயிலும். கடைச் சரக்கில் கலப்படம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்குக் கலப்படமில்லாத நெய் எப்படி இருக்கும் என்று முதலில் தெரியவேண்டுமே? கண்ணெதிரே பால் கறக்கச் சொல்லி, கண்ணெதிரே வெண்ணெய் எடுக்கச் செய்து, அதைச் சோதித்தார். எண்ணெயையும் அப்படியே பக்கத்தில் நின்று ஆட்டி வாங்கினார். 1894இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1892இல், 91, அப்பர் சர்க்குலர் சாலை என்ற தன் வாடகை வீட்டில் 700 ரூபாய் முதலில் ஒரு மருந்துத் தொழிற்சாலை தொடங்கியிருந்தார். பெங்கால் கெமிக்கல் என்று பின்னாளில் பெயர்பெற்றது அதுதான். அங்கே நடந்த எலும்புக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாட்டெலும்பிலிருந்து பாஸ்பேட் உப்பு எடுக்கலாம் என்று கசாப்புக்காரர்களிடம் மூட்டை மூட்டையாகப் பச்சை எலும்பு வாங்கி மொட்டை மாடியில் காயப் போட்டார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. எலும்பில் ஒட்டியிருந்த சதை அழுகிப் புழு வைத்தது. காக்கைகளுக்குக் கொண்டாட்டம், தின்றது போக மிச்சத்தை அக்கம்பக்கத்து வீடுகளில் போட்டன. தெருவே திரண்டு வந்தது. எலும்புகளை ஊருக்கு வெளியே ஒரு செங்கல் சூளைப் பக்கம் கொண்டுபோய் எரித்தார்கள். இருட்டில் எலும்பு எரிகிறதைப் பார்த்துப் போலீஸ்காரர்கள், யாரையோ கொன்று எரிக்கிறார்கள் என்று ஓடிவந்துவிட்டார்கள். இத்தனைக்கும் நடுவில் பாஸ்பேட் கிடைத்துவிட்டது.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். 1895. கலோமல் என்ற பாதரச உப்பு, சித்த வைத்தியத்தில் பூரம் என்பார்களே, அதைத் தயாரிக்க நினைத்தார் ராய். அதற்கு முதலில் மெர்க்குரஸ் நைட்ரேட் நிறைய வேண்டும். பாதரசத்தின்மேல் நீர்த்த நைட்ரிக் அமிலத்தை ஊற்றி, சூடுபடுத்தாமல் அப்படியே வைத்தார். பிறகு பார்த்தால், பாதரசத்தின்மேல் மஞ்சள் நிறத்தில் படிகங்கள்.

வரவேண்டியது மஞ்சள் இல்லை. மெர்க்குரஸ் நைட்ரேட்டுக்கு நிறம் கிடையாது.

இந்த மாதிரி நேரத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேர், “அமிலத்தில் ஏதோ அழுக்கு” என்று கழுவி ஊற்றிவிடுவார்கள். ராய்க்கும் முதலில் தோன்றியது சாதாரணமான ஒரு விடைதான். அமிலம் போதாத இடத்தில் பாதரசம் கார உப்பு என்ற மஞ்சள் பொருளைக் கொடுக்கும், அதுவாக இருக்கலாம். ஆனால் இங்கேதான் அமிலம் தாராளமாக இருக்கிறதே! கார உப்பு எப்படி விளையும்? விடை பொருந்தவில்லை என்றதும் அதைத் தள்ளிவிட்டு, படிகத்தை எடுத்துச் சோதித்தார். அது மெர்க்குரஸ் உப்பு, அதே நேரத்தில் நைட்ரைட்டும்கூட என்று தெரிந்தது. அதாவது மெர்க்குரஸ் நைட்ரைட்.

சோதிப்பது என்றால் என்ன செய்வார்கள்? மெர்க்குரஸ் உப்பா என்று பார்க்க நம் சமையல் உப்புக் கரைசலே போதும். சேர்த்தவுடன் வெள்ளையாகக் கலோமல் வீழ்படிவாகும். நைட்ரைட்டா என்று பார்க்க, வீரியமான அமிலம் விட்டால் பழுப்புப் புகை எழும். அடுத்து, எத்தனை பங்கு பாதரசம், எத்தனை பங்கு நைட்ரஜன் என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். தராசுதான் நீதிபதி.

இதில் என்ன ஆச்சரியம் என்று கேட்டால்: நைட்ரைட் என்பது அமிலத்தில் எளிதில் சிதைந்துபோகிற ஆள். மெர்க்குரஸும் சட்டென்று வேறாக மாறக்கூடியது. நிலையில்லாத இரண்டும் சேர்ந்து, அமிலத்துக்குள்ளேயே, நிலையான படிகமாக உட்கார்ந்திருக்கின்றன. 1896இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் கட்டுரை வந்தது. அதே ஆண்டு மே மாதம் லண்டன் ‘நேச்சர்’ இதழ் அதைக் குறிப்பிட்டு எழுதியது. இன்று நமக்கு இன்னொன்றும் தெரியும். மெர்க்குரஸ் உப்புகளில் பாதரச அணுக்கள் தனித்தனியாக இருப்பதில்லை. இரண்டிரண்டாக, உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நேரடிப் பிணைப்போடு இருக்கின்றன.

ஒரு மஞ்சள் படிகம் கதவைத் திறந்துவிட்டது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் நைட்ரைட், நைட்ரைட், நைட்ரைட்தான். ஒவ்வோர் உலோகமாக எடுத்து அதன் நைட்ரைட்டைச் செய்து பார்த்தார். கடைசியில் அம்மோனியம் நைட்ரைட்டுக்கு வந்தார். அதன் கரைசலைச் சூடாக்கினால் நைட்ரஜனும் தண்ணீருமாகப் பிரிந்துவிடும். ஆய்வகத்தில் நைட்ரஜன் தயாரிக்க இன்றும் பள்ளிப் புத்தகத்தில் இருக்கிற வழி அது. சூடு பட்டால் உடைந்துபோகிற பொருளை ஆவியாக்குவது எப்படி? காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த குழாயில், இளஞ்சூட்டில், பக்குவமாக ஆவியாக்கினார் ராய். உடையாமல் ஆவியானது. அதன் ஆவி அடர்த்தியையும் அளந்தார். 1912இல் லண்டனில் இதைப் பற்றிப் பேசியபோது, ஆர்கான், நியான் வாயுக்களைக் கண்டுபிடித்த வில்லியம் ராம்சே எழுந்து பாராட்டினார்.

காந்தி தன் வரலாற்றில் ராயைப் பற்றி எழுதியிருக்கிறார். 1901 கல்கத்தா காங்கிரசுக்குப் பிறகு, காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான கோகலேயின் வீட்டில் காந்தி தங்கியிருந்தார். ராய் பக்கத்து வீடு. மாதம் 800 ரூபாய் சம்பளம் வாங்கி, 40 ரூபாயைத் தனக்கு வைத்துக்கொண்டு மீதியைப் பொதுக்காரியங்களுக்குக் கொடுத்துவிடுகிற பேராசிரியர் என்று கோகலே அறிமுகம் செய்துவைத்தாராம். ராய் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. பிற்காலத்தில் கதர் கட்டினார். பஞ்சம், வெள்ளம் என்றால் மாணவர்களைத் திரட்டிக்கொண்டு போய்விடுவார். காந்தியின் உப்புப் போராட்டத்தையொட்டி 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து நடக்கத் தொடங்கி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி வழியாக 28ஆம் தேதி வேதாரண்யம் வந்து, 30ஆம் தேதி அகஸ்தியன்பள்ளியில் உப்பெடுத்துக் கைதானபோது, ராய்க்கு வயது 68. கல்கத்தா அறிவியல் கல்லூரியில் ஓர் அறையிலேயே குடியிருந்து ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார்.

அந்த அறிவியல் கல்லூரி நாட்களில் அவருடைய கவனம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. வேதியியலில் ரொம்ப நாளாக ஒரு வேலி உண்டு. உலோகம், உப்பு, அமிலம் எல்லாம் வேலிக்கு இந்தப் பக்கம், கனிம வேதியியல். கார்பன் சேர்ந்த எண்ணெய், சர்க்கரை, சாயம், மருந்து எல்லாம் அந்தப் பக்கம், கரிம வேதியியல். ராய் பிளாட்டினம், தங்கம், இரிடியம் போன்ற உலோகங்களை, கந்தகம் கொண்ட கரிம மூலக்கூறுகளோடு சேர்த்துப் பார்த்தார். அங்கே உலோகம் கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். கந்தகத்தின் மறுபக்கம் கார்பன் இருக்கும். உலோகம் நேராகக் கார்பனோடே பிணைந்தால் அதற்குக் கரிம உலோகச் சேர்மம் என்று பெயர். ராய் வேலியோரம் வரை வந்தார் என்று சொல்லலாம். வேலியின்மேலேயே வீடு கட்டியவர்கள் வேறு சிலர்.

அதில் ஒருவர் விக்டர் கிரினியார், பிரான்சின் லியோன் நகரத்தில் ஆராய்ச்சி செய்தவர். 1900இல் மக்னீசியச் சீவலை ஈதரில் போட்டு, கார்பனும் அயோடினும் சேர்ந்த ஒரு பொருளை அதில் விட்டார். மக்னீசியம் கார்பனோடு பிணைந்துகொண்டது. மருந்து, வாசனைப் பொருள் என்று எத்தனையோ மூலக்கூறுகளை வேதியியலாளர்கள் இந்தச் சேர்மத்தைக் கொண்டு கட்டுகிறார்கள். 1912இல் கிரினியாருக்கு நோபல் பரிசு. ஒரே ஒரு நிபந்தனை: துளி ஈரமும் கூடாது. தண்ணீர் பட்டால் எல்லாம் பாழ். இதில் வேடிக்கை என்னவென்றால், மக்னீசியத்தைத் தண்ணீரிலிருந்தே எடுக்கலாம். ஒரு லிட்டர் கடல்நீரில் 1.3 கிராம் அளவுக்கு மக்னீசியம் இருக்கிறது. அமெரிக்காவின் டெக்சாஸ் கடற்கரையில் ஃப்ரீபோர்ட் என்ற ஊரில் 1941 முதல் கடல்நீரிலிருந்து மக்னீசிய உலோகம் எடுத்தார்கள். நம் உப்பளத்தில் வடித்துவிடுகிற கசப்பு நீரில் அது இன்னும் பல மடங்கு செறிவாக இருக்கிறது.

உங்கள் உடம்புக்குள்ளேயே ஒரு கரிம உலோகச் சேர்மம் வேலை செய்கிறது. வைட்டமின் பி12. அதன் நடுவில் ஒரு கோபால்ட் அணு, கார்பனோடு நேரடியாகப் பிணைந்திருக்கிறது. தயிரிலிருந்தும் மீனிலிருந்தும் முட்டையிலிருந்தும் நமக்குக் கிடைக்கிறது. அவ்வளவு பெரிய மூலக்கூறின் வடிவத்தை எக்ஸ் கதிர் கொண்டு கண்டுபிடித்த டோரதி ஹாட்ஜ்கினுக்கு 1964இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஆனால் பாதரசம் கார்பனோடு பிணைந்தால் விஷம். ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ஓர் ஆலையின் கழிவுநீரில் மெத்தில் பாதரசம் கலந்தது. மீன் தின்றது, மீனை மனிதர் தின்றார்கள். நரம்புகள் கெட்டு, பிறந்த குழந்தைகள்கூட முடமாயின. நோய் 1956இல் வெளியே தெரிந்தது. ராயின் காலத்தில் பாதரசத்தைத் திறந்த பாத்திரத்தில் வைத்துச் சர்வசாதாரணமாக வேலை செய்தார்கள். நீங்கள் அப்படிச் செய்யக்கூடாது. பழைய தெர்மாமீட்டர் உடைந்தால் வெள்ளிக் குண்டுகளைக் கையில் உருட்டி விளையாடாமல் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

ராய் 1924இல் இந்திய வேதியியல் கழகத்தைத் தொடங்கி அதன் முதல் தலைவரானார். 1936இல் ஓய்வு, 1944 ஜூன் 16 அன்று காலமானார். அவரிடம் படித்தவர்கள் நாடெங்கும் பரவினார்கள். நில் ரத்தன் தர் அலகாபாத்துக்குப் போனார். பிமன் பிகாரி தே நம் சென்னைக்கு, மாநிலக் கல்லூரிக்கு வந்தார். இங்கே அவரிடம் ஆராய்ச்சி பழகிய ஒரு மாணவர், காவிரிக்கரைக் குளித்தலையில் 1900இல் பிறந்த டி.ஆர். சேஷாத்ரி. மான்செஸ்டர் போய் ராபர்ட் ராபின்சனிடம் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டுத் திரும்பி, ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் தில்லியிலும் பேராசிரியராக இருந்தார். 1960இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. ராய்க்கு அந்த மரியாதையை அது கொடுக்கவே இல்லை.

சேஷாத்ரி உப்புப் பக்கம் போகவில்லை. செடிகளில் இருக்கும் நிறங்களைப் பிரித்தெடுத்தார். பருத்திப் பூவின் மஞ்சள் நிறப் பொருள்கள் அவருடைய ஆரம்பகாலத் தேடல்களில் ஒன்று. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் நெல் அறுத்த வயலில் கோடைப் பருத்தி போடுகிறார்களே, அங்கே போனால் ஒரு பூவை அடையாளத்துக்கு நூல் கட்டிவிட்டு வாருங்கள். முதல் நாள் வெளிர் மஞ்சளாகவோ தந்த நிறமாகவோ இருப்பது மறுநாள் சிவந்து போயிருக்கும். எந்தப் பொருள் மறைந்தது, எது புதிதாக வந்தது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். அவருக்கும் உடனே தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள்.